காதில் வைத்த பஞ்சு

பல் செட் செய்வது என் தொழில். தில்லை நகர் கிளினிக்குகளில் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பல் அடுக்குவேன். இதற்கென்று படித்தவள் இல்லை. ஒரு லேபில் பிளாஸ்டர் கரைத்துக் கொடுக்கப் போனவள், பக்கத்து மேசையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

எனக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. காலை ஒன்பது மணிக்கு ஃபோனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவேன். சமையலறை டைமரை ஐம்பது நிமிடத்துக்குத் திருகி வைப்பேன். மெழுகு உருக்கும் சின்ன விளக்கு வலது பக்கம், கத்தி இடது பக்கம், கடைசியாகக் காதில் பஞ்சு. அதைத் தாண்டி டைமர் மணி ஒன்றுதான் கேட்கும். "பூகம்பம் வந்தாலும் இவ கடைவாய்ப் பல்லை வெச்சுட்டுதான் எழுந்திருப்பா" என்பார் ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பஞ்சை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்விடுவேன். அங்கே என் வேலை, பிறர் பேசுவதைக் கேட்பது. கேட்டதில் நல்லதை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வேன். பூக்காரம்மா ஒருநாள் சொன்னாள்: "காலு வலிச்சா உக்காந்துக்கலாம். வாயி வலிச்சா எங்க போய் உக்கார்றது?" பல் செட்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பகலில் காதை மூடு, மாலையில் திற. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

போன கார்த்திகையில் ஒருநாள், அரிசிக்குள்ளிருந்து ஃபோனை எடுத்தபோது கிளினிக் டாக்டர் நாலு முறை கூப்பிட்டிருந்தார். கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நாற்பது வருடமாக நிற்கிற ஒருவருக்கு நான் முழு செட் செய்து கொடுத்திருந்தேன். "நல்லா சாப்பிடுறாரும்மா. ஆனா பாசுரம் சொன்னா விசில் வருதாம்" என்றார் டாக்டர்.

செட் என்னிடம் வந்தது. காதில் பஞ்சோடு உட்கார்ந்து தேய்த்து அனுப்பினேன். திரும்பி வந்தது. மறுபடி தேய்த்தேன். அவர் வாய் அளவில் வார்த்த பிளாஸ்டர் மாடலில் பொருத்திப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. மாடல் என்ன, பாசுரமா சொல்லும்? மறுபடியும் திரும்பி வந்தது. மார்கழி பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது. அன்று டைமரைத் தொடவில்லை. செட்டையும் தேய்க்கிற கை மெஷினையும் கொஞ்சம் அரிசி மாவையும் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் ஆட்டோவிலேயே கிளினிக்குக்குப் போனேன்.

பாசுரம் சொல்கிறவர் வெள்ளை வேட்டியில், வாயை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கை கூப்பினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செட்டை மாட்டிக்கொண்டு பேசினார்.

"பல்லைக் குத்தம் சொல்லலைம்மா. முறுக்கே கடிக்கறேன். ஆனா பக்கத்துல நிக்கறவர், 'ஸ்வாமி, ஆத்துல குக்கர் ஏத்திட்டு வந்துட்டேளா'ங்கறார். எல்லாரும் சிரிக்கறா. இந்த மார்கழிக்கு வெளியில நின்னு சேவிச்சுட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

"மெதுவா எண்ணச் சொன்னா சரியாத்தான் வருது. எங்க தப்புன்னு எனக்குப் பிடிபடல" என்றார் டாக்டர்.

"நீங்க எண்ணிக் காட்ட வேணாங்க. கோஷ்டியில எப்படிச் சொல்வீங்களோ அப்படியே சொல்லுங்க" என்றேன்.

"இங்கேயா?"

"இங்கதாங்க. நான் கேக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டு, முழுக் குரலில் ஆரம்பித்தார். வெளியே வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். வேகம் ஏறியதும் வந்தது விசில், மெல்லிசாக, கம்பி மாதிரி. இரண்டு தடவை நான் செவிடாக இருந்து தேய்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு வாய்க்கு வேலை செய்துவிட்டு அந்த வாயைக் கேட்காமல் இருந்திருக்கிறேனே.

செட்டைக் கழற்றித் துடைத்து, மேல் தகட்டில் அரிசி மாவு தூவினேன். மாட்டிக்கொண்டு ஒரு அடி சொன்னார். எடுத்துப் பார்த்தால் நாக்கு தொட்ட இடமெல்லாம் மாவு அழிந்திருந்தது. முன்பல்லுக்குப் பின்னால், காற்று போகிற வழியில், ஒரு நூல் அகலத்துக்குத்தான் மாவு மிச்சம் இருந்தது. வழி அவ்வளவு குறுகல். நான் தேய்த்ததெல்லாம் வேறு இடத்தில்.

கொஞ்சம் சுரண்டினேன். அவர் சொன்னார், நான் கேட்டேன். இன்னும் கொஞ்சம். மறுபடி சொன்னார். விசில் இளைத்தது, போகவில்லை.

"ஜாக்கிரதைம்மா, தகடு மெலிஞ்சா விரிசல் விட்டுடும்" என்றார் டாக்டர்.

புதிதாகச் செய்ய நாளும் இல்லை. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். படித்துறையில் இத்தனை வருடம் உட்கார்ந்து கேட்ட காது அல்லவா? எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்தது. ஏழாவது தடவை அவர் சொல்லி முடித்து, கண் திறந்து, அதே அடியை இன்னொரு தரம் சொன்னார். குரல் மட்டும்தான் வந்தது.

"குக்கர் இறக்கியாச்சு" என்றார்.

மார்கழி முதல் நாள் விடியற்காலையில் நானும் வீட்டுக்காரரும் கோயிலுக்குப் போனோம். பனியில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றோம். கோஷ்டியின் முதுகுகள்தான் தெரிந்தன. அத்தனை பேரும் ஒரே குரலாகச் சேவித்துக்கொண்டிருந்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"எது உன் ஆளு குரல்?" என்று கிசுகிசுத்தார் வீட்டுக்காரர்.

"தெரியலை" என்றேன்.

என் வேலையைப் பற்றி இவ்வளவு பெருமையாக நான் ஒரு பதில் சொன்னதே இல்லை.