சௌந்தரம் வில்லை இறக்கிய மாலை

போன வெள்ளிக்கிழமை காலை காசிம் போன் செய்தார். எங்கள் குழுவில் தபலா வாசித்தவர், கூத்தாநல்லூர்க்காரர். "சௌந்தரம் போயிட்டாங்கம்மா" என்றார். "எங்க போயிட்டா? நேத்துகூடப் பேசினேனே" என்று எரிந்து விழுந்தேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.

அவளோடு பழகியவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வயலின், ஒரு வீணை, ஒரு தபலா, இவ்வளவுதான் எங்கள் குழு. முதல் வயலின் சௌந்தரம், இரண்டாவது வயலின் அவள் தம்பி மணி, வீணை நான். பாடுகிறவர் கிடையாது. வர்ணமும் கீர்த்தனையும் முறையாகப் படித்துவிட்டு, கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசித்தோம். ஒரு சபாச் செயலாளர் அவளிடம் நேராகவே கேட்டார்: "கீர்த்தனை வாசிச்ச கை, கூசலையாம்மா?" அவள் சிரிக்காமல் சொன்னாள்: "கூசுதுங்க, உங்க சபாவுல காலி நாற்காலிக்கு வாசிக்கிறப்ப." அதன் பிறகு அந்தச் சபா எங்களைக் கூப்பிடவில்லை.

புதுப் பாட்டு வந்தால் நோட்டுப் புத்தகத்தோடு டீக்கடை வாசலில் போய் நிற்பாள். ரெக்கார்டு சுற்றச் சுற்ற வரிகளை எழுதிக்கொள்வாள். வரிகள் மனப்பாடம் ஆகும்வரை எங்களைத் தந்தியைத் தொட விடமாட்டாள். "யாரும் பாடப் போறதில்ல, எதுக்குடி இந்த உருப்போடுற வேலை?" என்று சலித்துக்கொண்டேன். "சொல்லு தெரியலன்னா எங்க மூச்சு விடுறதுன்னு வில்லுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அதனால் மேடையில் நாங்கள் எல்லோரும் உதட்டை அசைத்துக்கொண்டே வாசிப்போம். பார்ப்பவர்கள் ஜபம் செய்வதாக நினைத்திருக்கலாம்.

இனி அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம், அந்தக் கல்யாண வீட்டுப் பேரப்பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். கோட்டையில் புது ஆட்சி வந்து, மேடைக்கு மேடை ஏழைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். கூலி நெல்லைக் கூட்டித் தரும்வரை அரிவாளைத் தொடமாட்டோம் என்று அந்த ஊர் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். விளைந்த பயிர் வயலில் சாய்ந்து கிடந்தது. வரப்பெல்லாம் சிவப்புக் கொடி. அதற்கு நடுவே மிராசுதார் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். முன்வரிசை நிறையக் கட்சிக் கரை வேட்டிகள். ஸ்பீக்கர் குழாய்களைப் பந்தலைப் பார்க்கக் கட்டாமல் தெருவைப் பார்க்கக் கட்டியிருந்தார்கள். கட்டினவனுக்கு வேலை தெரியவில்லை என்று நான் கேலி பேசினேன்.

பொழுது சாயும் நேரம் வரவேற்பு தொடங்கியது. அந்த வருஷம் எல்லா வாயிலும் இருந்த ஒரு காதல் பாட்டை எடுத்தோம். பல்லவி முடிவதற்குள் வேலிக்கு வெளியே இருந்து நூறு குரல் சேர்ந்துகொண்டது. மெட்டு எங்களுடையது, சொற்கள் வேறு. கூலி கேட்டு அவர்கள் கட்டிய வரிகள். அந்த நாட்களில் எல்லாக் கட்சியும் சினிமா மெட்டுக்குத்தான் பாட்டுக் கட்டியது. எங்களுக்குத்தான் அது நினைவில்லாமல் போயிற்று.

மிராசுதார் மேடையருகே வந்தார். "யாரும்மா உங்கள இத வாசிக்கச் சொன்னது?"

"சினிமாப் பாட்டுங்க. டீக்கடையெல்லாம் போடுறான்" என்றாள் சௌந்தரம்.

"யாரு பாட்டுன்னு எனக்குத் தெரியும். வேற வாசிங்க. இடையில நிறுத்தக் கூடாது."

அவர் பேசும்போது வாசிப்பு நின்ற அந்த இடைவெளியில்தான் கொல்லைப் பக்கம், மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. அடிபடுகிற மனுஷனின் அலறல். சங்கத்து ஆள் முருகையனை மத்தியானமே தூக்கி வந்து கட்டிப் போட்டிருந்தார்களாம். அவனை விடச் சொல்லித்தான் வெளியே கூட்டம் நின்றது. அந்தச் சத்தத்தை மூடத்தான் எங்களை வாசிக்கச் சொன்னார்கள். அது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் பொய்.

சௌந்தரம் வில்லை இறக்கி மடியில் வைத்தாள். "அந்த ஆள அனுப்புங்க. அப்புறம் வாசிக்கிறோம்."

"அது எங்க பண்ணை விவகாரம்."

"வாசிக்கிறது எங்க விவகாரங்க."

தடி வைத்திருந்த இரண்டு பேர் மேடையோரம் வந்து நின்றார்கள். மணியின் முகம் வெளுத்துவிட்டது. காசிம் தபலாவிலிருந்து கையை எடுத்துவிட்டார். எனக்கு வீட்டில் கைக்குழந்தை. அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். "வாசிடி. உயிரோட ஊர் போய்ச் சேருவோம்" என்றேன். அவள் திரும்பவில்லை. நான் தனியாகவே வாசிக்கத் தொடங்கினேன். என்ன பாட்டு என்று இன்றைக்கும் நினைவில்லை.

அவள் கையை நீட்டி என் வீணையின் தந்திகள் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

பந்தல் அடங்கிப்போயிற்று. மறுபடி அலறல் வந்தது, இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா, பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி, எழுந்து நின்றார். "என்ன சம்பந்தி, கொல்லையில யாரு கத்துறது?"

"மாடுங்க."

"மாடு ஐயோ அம்மான்னு கத்துமா? ஆள வச்சு அடிக்கிற வீட்டுல நாங்க எப்படிச் சாப்பிடுறது?"

மிராசுதார் சம்பந்தி முன்னால் தலை குனிந்த பிறகுதான் கட்டை அவிழ்த்தார்கள். முருகையனை இரண்டு பேர் தாங்கிப் பந்தல் ஓரமாக நடத்திப் போனார்கள். ஒரு கை தொங்கிக் கிடந்தது. அவன் வேலியைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, சௌந்தரம் வில்லை எடுத்தாள். அதே பாட்டை முதலிலிருந்து வாசித்தாள். வெளியே இப்போது யாரும் பாடவில்லை.

அதன் பிறகு வெகு காலம் எந்தப் பெரிய வீட்டுப் பந்தலும் எங்களைக் கூப்பிடவில்லை. கதை மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. யார் கேட்டாலும் சௌந்தரம், "நாங்க நிறுத்திட்டோம்" என்றுதான் சொல்வாள். ஒருநாள் பொறுக்காமல், "ஏண்டி பொய் சொல்ற?" என்று கேட்டேன். "என்ன பொய்? உன் வீணையும் நின்னுச்சுல்ல?" என்றாள்.

சாவு வீட்டிலும் யாரோ என்னைக் காட்டி, "வாசிக்க மாட்டோம்னு சொன்னாங்களே, அவங்க" என்றார்கள். காசிம் என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று சொல்லவில்லை. அவள் எனக்கென்று விட்டுப் போனது அந்த "நாங்க" என்ற ஒரு சொல்தான். இத்தனை வருஷம் அதற்குள் ஒளிந்திருந்தேன். அவள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் நிறுத்தவில்லை. அவள் நிறுத்தினாள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.