இரண்டு நாட்டிலும் செல்லுகிற பாடம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு மாலை மகளோடு என்னைப் பார்க்க வந்தார் ஒரு தோட்டத் தொழிலாளி. ஒல்லியான மனிதர், பழைய கோட்டு முழுக்கத் தேயிலை வாசம். தொழிற்சாலையில், வாடப்போட்ட கொழுந்தை உள்ளங்கையில் இறுக்கி, பிறகு விரித்துப் பதம் பார்ப்பது அவர் வேலை. பேசும்போதும் வெறுங்கையை அப்படியே மூடி மூடி விரித்துப் பார்த்துக்கொள்வார்.

மகளுக்கு டாக்டராக ஆசை. உயர்தர வகுப்பில் விலங்கியல், தாவரவியல், இரசாயனம், பௌதிகம் எடுத்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றேன்.

"எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குங்க சார்?" என்றார். "எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லீங்க. எங்கள ரெண்டு நாடும் பங்கு போட்டுக்க ஒப்பந்தம் வேற போட்டுட்டாங்க. இந்தியாவுக்கு அனுப்புவாங்களா, இங்கேயே விடுவாங்களான்னு தெரியல. ரெண்டு பக்கமும் செல்லுற பாடமாப் பாத்துச் சொல்லுங்க."

என் மேசையிலிருந்த விலங்கியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த மகள் அதை மெல்ல மூடி வைத்தாள்.

"கணக்கு எடுக்கிறேன்பா."

"டாக்டருக்குன்னு சொன்னியேம்மா?"

"இல்லப்பா. எனக்குக் கணக்குதான் புடிக்கும்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கும்பிட்டுவிட்டு, வலது கையை இறுக மூடிக்கொண்டு நடந்தார். வாசல் படலையைத் தாண்டும்வரை பார்த்தேன். மூடிய கையை அவர் விரிக்கவேயில்லை.