கொட்டாம்பட்டிச் சேலை

காளவாசலில், செல்போன் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில், நான் சேலை மடிக்கிறேன். கல்யாணப் பெண்கள் சேலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். உயரமும் இடுப்பளவும் கேட்டுக்கொண்டு, கொசுவமும் முந்தியும் மடித்துத் தேய்த்து, க்ளிப் போட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுப்பேன். அப்படியே எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். அக்கா கல்யாணத்தில் விளையாட்டாகச் செய்து பார்த்தது; பிறகு கை விடவில்லை. மெக்கானிக்கல் படித்துக் கிடைத்த கம்பெனி வேலையை இதற்காகத்தான் விட்டேன்.

பிடித்த வேலையைச் செய்கிறவன் நெஞ்சை நிமிர்த்தி நடப்பான் என்று நினைத்திருந்தேன். நானோ ஆனையூர் வீட்டிலிருந்து தினமும் சட்டையை இன் பண்ணி, லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். பைக்குள் சோற்று டப்பாவும் ஊக்குகளும். "மகன் கம்பெனில இருக்கான்" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அதைத் திருத்த எனக்கும் வாய் வரவில்லை.

கொட்டாம்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அதே கம்பெனிக் கதைதான். "எல்லாம் முடிவாகட்டும், பெறகு மெதுவாச் சொல்லிக்கலாம். அங்க வந்து வாயத் தொறக்காத" என்றார் அப்பா. சரி என்று தலையாட்டினேன். போட்டோவில் பார்த்ததிலிருந்தே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

காபித் தட்டோடு வந்தாள். முகத்தைப் பார்க்க வேண்டியவன் சேலையைப் பார்த்தேன். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். போன வாரம் யாரோ ஒரு பெண், தோழிக்கு என்று சொல்லி என் கடையில் கொடுத்துவிட்டுப் போனது. அந்த விறைத்த பார்டர் என்னைப் பாடாய்ப் படுத்தியிருந்தது.

காபி கொடுக்க என் முன்னால் குனிந்தாள். தோளில் ஊக்கைச் சரியாகக் குத்தவில்லை. மேல் மடிப்பு நழுவியது. சத்தியமாக நான் யோசிக்கவே இல்லை. கை போய் மடிப்பை ஏற்றிவிட்டது. "ஊக்க இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிக் குத்தணும்" என்று வாயும் சேர்ந்துகொண்டது.

பெண்ணின் தாய்மாமன் கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். "என்ன தம்பி, பொம்பளப் பிள்ள மேல கை வைக்கிறீக?"

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சேலைய மடிச்சதே நான்தான். காளவாசல்ல கடை வச்சிருக்கேன்."

"கம்பெனின்னுல்ல சொன்னீக?" என்று அவர் அப்பா பக்கம் திரும்பினார். அப்பா டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெண் மட்டும் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

திரும்பி வரும் வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கொஞ்ச நேரம் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையாடா?"

சில மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்தார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பாப்பாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெங்களூர்ல கம்பெனில இருக்காரு. முகூர்த்தச் சேலைய நீங்கதான் மடிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

முடியாது என்று சொல்ல நினைத்து, "கொண்டாங்கம்மா" என்றேன். உயரம் சொன்னார். எனக்கு ஞாபகம் இருந்தது.

கனமான பட்டு. கொசுவம் ஒவ்வொன்றும் சொன்ன பேச்சுக் கேட்டது. ஊக்குக் குத்த வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு நூல் அடையாளம் வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இன்னொருவன் தாலி கட்டும்போது அவள் உடுத்தப்போகிற சேலை அது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். நானோ சந்தோஷமாக இருந்தேன். கொட்டாம்பட்டிக் கூடத்தில் பட்ட அவமானத்தைவிட, அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.