பட்டாளத்துச் சட்டைக்காரர்

ராசிங்காபுரத்து மக்காச்சோளக் காட்டில் நிற்கும் பொம்மையின் சட்டைப் பொத்தான்களைப் பிரேம்சிங் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார். அவசரமே இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சட்டை மாற்றுவதுபோல இடது கையை முதலில் உருவி, வைக்கோல் உதிராமல் முதுகைத் தாங்கி, வலது கையை உருவுகிறார். பிறகு தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்துப் பொம்மைக்கு மாட்டிவிடுகிறார்.

வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த காட்டுக்காரர் கன்னையனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏம்ப்பா, ஆளுக போட்டுருக்க சட்டையத்தேன் புடுங்குறே, பொம்மையக்கூட விடமாட்டியா?”

“பொம்மை போட்டுருந்தாப் பரவால்லண்ணே. விடியக் குளிருக்கு மலைக்குப் போறவன் எவனாச்சும் இத உருவி மாட்டிக்கிட்டுப் போயிருவான். அதுக்குத்தேன்” என்று சொல்லிவிட்டு, கழற்றிய சட்டையை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் பிரேம்சிங்குக்குப் பழந்துணிக் கடை. கடையின் பெயர் யாருக்கும் தெரியாது. ‘மிலிட்டரி கடை’ என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் இறக்கிவிடுவார். மனிதர் பட்டாளத்து வாசலை மிதித்ததில்லை. இருபது வயதில் ஆளெடுப்புக்குப் போனார். நெஞ்சளவு போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். “மூச்ச இழுத்து இழுத்துப் பாத்தேன், டேப்பு நகரவே மாட்டேன்னுருச்சு” என்று இன்றைக்கும் நெஞ்சை விரித்துக் காட்டுவார். நம்மை உள்ளே விடாத வீட்டின் மேல்தானே நமக்கு ஆசை அதிகம்? வெளிநாட்டிலிருந்து வரும் பழந்துணி மூட்டையைப் பிரித்தபோது, பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாகப் படிந்த பட்டாளத்துச் சட்டை ஒன்று முதன்முதலாகக் கையில் சிக்கியது. அன்றைக்குப் பிடித்த பித்து அது.

மாடி அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி அவற்றைத் தொங்கவிட்டிருக்கிறார். எந்த நாட்டுச் சட்டை, எந்தச் சண்டையில் போட்டது என்று கேட்டால் தெரியாது. தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். அவராக வைத்த பெயர்கள்தான். பொடிப் புள்ளியாக இறைந்து கிடப்பது ‘கேப்பைக்கூழ்’. நீளநீளமாக இழுத்துவிட்டது ‘பல்லிவால்’. மெல்லிய கோடு விழுந்தது ‘சாரல்’. புதிதாக ஒன்று வந்தால் முதலில் காலரை முகர்வார். பிறகு பைகளை வெளியே இழுத்து உதறுவார். கிழிசல் இருந்தாலும் ஊசி போடமாட்டார். “அது பட்ட காயம், நாம தைக்கக் கூடாது” என்பார். மனைவி ஜாக்குலின் அந்த அறைப் பக்கமே போவதில்லை. “செத்தவன் சட்டையோ இருக்கிறவன் சட்டையோ, யாரு கண்டா?” என்று கீழே இருந்தபடியே சத்தம் போடுவார்.

நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு மீதியை விற்றார். வாங்கியவர்களெல்லாம் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள். இருட்டுப் பிரியும் முன் ஜீப் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே போய் இறங்குகிறவர்களுக்குக் குளிரும் மழையும் அட்டையும் சொல்லிமாளாது. இந்தத் துணியோ கனத்த துணி, லேசில் கிழியாது. விற்கும்போது பிரேம்சிங் ஒரு வசனம் சொல்வார்: “இதப் போட்டுட்டு ஏலச்செடிக்குள்ள நின்னேன்னு வையி, பெத்த ஆத்தாளுக்கே அடையாளம் தெரியாது.” பாவி மனுசன், அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.

முத்துக்கண்ணன் என்றொரு சேக்காளி அவருக்கு இருந்தான். தோட்டத்துக் கூலி வேலைதான். ஆனால் எந்த வாட்ச்மேன் தோளில், எந்தச் சேட்டன் வீட்டுக் கொடியில் பட்டாளத்துச் சட்டை கிடந்தாலும் மலையிலிருந்து முதல் சேதி அவனிடமிருந்துதான் வரும். கைம்மாறு என்று ஒன்றே ஒன்றுதான் கேட்பான். “மாப்ளே, அந்த ஏலச்சோலைய எனக்குக் குடுத்துரு.” ‘ஏலச்சோலை’ பிரேம்சிங்கிடம் இருந்ததிலேயே பழைய சட்டை, அவர் உயிரையே வைத்திருந்த சட்டை. நீண்ட இலையும் இலைக்கடியில் விழும் நிழலுமாக, ஏலச்செடியைப் பார்த்துப் பார்த்து அச்சடித்ததுபோல இருக்கும். நாளைக்கு, மறுநாளைக்கு என்று இழுத்தடித்துக் கடைசியில் போன சித்திரையில் கொடுத்தார். முத்துக்கண்ணன் அதை மாட்டிக்கொண்டு கடைவாசலில் நின்று ஒரு சல்யூட் அடித்தான்.

மழைக்கு முன்னால் தோட்டங்களில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். மரம் ஏறுகிறவன் ஒவ்வொரு கிளையையும் வெட்டும் முன் மேலிருந்து “கீழ ஆளா?” என்று குரல் கொடுப்பான். செடிக்குள் வேலை பார்க்கிறவர்கள் “ஆளு!” என்று பதில் கொடுத்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒதுங்கவேண்டும். பதில் வராவிட்டால் அவன் ஒருதரம் குனிந்து பார்ப்பான். சேலையோ துண்டோ கண்ணில் படவில்லை என்றால் அரிவாளை ஓங்குவான். முத்துக்கண்ணன் ஏலச்சோலையைப் போட்டுக்கொண்டு போன அன்றைக்கு மரத்தில் இருந்தவன் சோலைமலை. முறைப்படி குரல் கொடுத்தான். கீழே முத்துக்கண்ணனுக்கு விளையாட்டுப் புத்தி, பிரேம்சிங் சொன்னது மெய்தானா என்று பார்த்துவிட ஆசை. மூச்சுக் காட்டாமல் நின்றுவிட்டான். சோலைமலை குனிந்து பார்த்தான். கீழே பச்சைதான் தெரிந்தது. வெட்டிவிட்டான்.

கொஞ்சம் தள்ளிக் களை பறித்துக்கொண்டிருந்தவள் முத்துக்கண்ணனின் மனைவி பொற்கொடி. போலீசிடம் சொன்னதையே பிணவறை வாசலில் பிரேம்சிங்கிடமும் சொன்னாள். “சத்தங்காட்டாதேன்னு வாயில வெரல வச்சுக் காட்டுனாருண்ணே. நானும் சிரிச்சுக்கிட்டு நின்னேன்.” சோலைமலை அதற்குப் பிறகு மரம் ஏறவில்லை.

அன்றிலிருந்து பிரேம்சிங் சேர்ப்பது வேறு சேர்ப்பு. விற்ற சட்டைகளைத் தேடித்தேடித் திரும்ப வாங்குகிறார். பதிலுக்குக் கண்ணைப் பறிக்கிற சிவப்பிலோ மஞ்சளிலோ ஒரு ஸ்வெட்டர். காட்டுப் பொம்மையைக்கூட விடுவதில்லை. “அத்தனையையும் போட்டுக் கொளுத்துங்க” என்கிறார் ஜாக்குலின். ஒருநாள் தீப்பெட்டியோடு மாடி ஏறிய பிரேம்சிங் ஒரு குச்சிகூடக் கிழிக்காமல் இறங்கி வந்தார். இன்றைக்கும் ஒரு சட்டை கைக்கு வந்தால் மூக்கு தன்னால் காலருக்குப் போய்விடுகிறது. உடனே தன்மேலேயே ஆத்திரம் பொங்கி, குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொள்கிறார்.

பொம்மைச் சட்டையோடு மற்றதெல்லாம் வந்தாயிற்று, ஏலச்சோலை மட்டும் வரவில்லை. ரத்தக்கறையை அலசிவிட்டுப் பொற்கொடி அதைத்தான் தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். இந்தச் சித்திரையில் மறுபடியும் கிளை கழிக்க ஆரம்பித்தபோது, ஜீப் ஓட்டும் வினோத்குமார் கடைக்கு வந்து ஒரு சேதி சொன்னான். “மேலருந்து கூப்புட்டா அந்தக்கா பதில் குடுக்க மாட்டேங்குதாம்ணே. கூட இருக்க பொம்பளைகதேன் பதறிப்போய் இழுத்துட்டு வாராகளாம்.” அதிலிருந்து பிரேம்சிங்குக்குச் சோறு இறங்கவில்லை. விடியலில் ஜீப் ஸ்டாண்டில் போய் நிற்பதும், சட்டையைக் கேட்பதும், அவள் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு ஜீப் ஏறுவதுமாக நாள் போகிறது. அருமைச் சட்டை கைவிட்டுப் போச்சே என்று அலைகிறான், தாலியறுத்தவளிடம்கூடவா கேட்பான் என்று ஊர் பேசுகிறது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அதில் ஒரு துளி உண்மை இருக்கிறதோ என்று அவருக்கே சந்தேகம் இருப்பதுதான் கொடுமை.

இன்றைக்கும் போய் நின்றார். கையில் சிவப்பு ஸ்வெட்டர்.

“ஆத்தா, அதக் குடுத்துட்டு இதப் போட்டுக்க. ஒனக்குன்னே எடுத்து வச்சது.”

“வேணாம்ணே.”

“மேலருந்து கூப்புட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறியாமே?”

“அன்னைக்குத் தொறக்காத வாயி. இனித் தொறந்து என்னத்துக்கு?”

பிரேம்சிங்குக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜீப்பைச் சுற்றி ஆட்கள் நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை. “நீ சிரிச்சதுல அவன் சாகல ஆத்தா. நாஞ்சொன்ன சொல்லுத்தேன் அவனக் கொன்னுச்சு.”

பொற்கொடி அவரை நேராகப் பார்த்தாள். “ரெண்டுந்தேண்ணே” என்றாள்.

“வெரசா ஏறுங்கக்கா, நேரமாச்சு” என்று வினோத்குமார் ஹாரனை அழுத்தினான். பிரேம்சிங் பையிலிருந்து கத்தரியை எடுத்து ஸ்வெட்டரின் கைமுனையை வளையமாக வெட்டி எடுத்தார். “சட்டை ஒங்கிட்டயே இருக்கட்டும். கழத்த வேணாம். கைய மட்டும் நீட்டு.”

“சட்டை கெட்டுப் போகுமேண்ணே?”

“கெட்டுப் போகட்டும்.”

அவள் யோசித்துவிட்டு வலது கையை நீட்டினாள். சிவப்புக் கம்பளி வளையத்தை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு, ஊசியில் நூல் கோத்து, எந்தச் சட்டையிலும் ஊசி படவிடாத மனிதர் ஏலச்சோலையில் குத்தித் தைத்தார். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்ததும் அவள் ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஜீப் கிளம்பியது. பிரேம்சிங் நடுரோட்டில் நின்று, இல்லாத நெஞ்சையெல்லாம் கூட்டி, “கீழ ஆளா?” என்று கத்தினார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜீப்பிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மெட்டு ரோட்டில் அது திரும்பும்போது, பின்கம்பிகளுக்கு இடையில் பச்சைச் சட்டைக் கை ஒன்று வெளியே வந்து, சிவப்பு வளையம் தெரிய, மேலே உயர்ந்தது.