கபூர் பாய் உள்ளே விட்ட துணி

பேருந்தைப் பிடிக்க ஓடும்போதுதான் என் பேண்டின் கீழ்மடிப்பு அவிழும். கடையில் வாங்கிய பேண்ட். கீழே ஐந்து அங்குலத்தை உள்பக்கம் மடித்து, காலுக்கு இரண்டு ஊக்கு குத்தி வைத்திருப்பேன். ஒருநாள் மூச்சிரைக்கப் படியேறியதும் கண்டக்டர் அம்மாள், "உன் டிரவுசர் இறங்குது, லவ்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். இந்த ஊரில் முன்பின் தெரியாதவனையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ராயபுரத்தில் ஒரு கண்டக்டர் யாரையாவது அப்படிக் கூப்பிட்டுப் பார்க்கட்டும், அந்த பஸ் டிப்போ போய்ச் சேராது. நான் பதறிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை காட்டியதோ என் காலை. பஸ் சிரித்தது. அவள் குனிந்து, கழன்று விழுந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தாள். நல்ல பெண்தான். எனக்கு ஆத்திரமெல்லாம் அந்தப் பேண்டின்மேல்.

வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். செய்து பார்த்தவன் சொல்கிறேன். ஐந்து அங்குலத்தை வெட்டினால், முட்டிக்கென்று அவர்கள் வைத்த இடம் என் கெண்டைக்காலில் வந்து நிற்கிறது. பையில் கைவிட்டால் கை தொடை நடுவே போகிறது. என் உயரம் ஐந்தடி ஒன்று. மார்பு நாற்பது அங்குலம். இந்த இரண்டு எண்ணும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்று இந்த நாட்டுத் துணிக்கடைகளுக்கு யாரும் சொல்லவில்லை. துறைமுகத்தில் அப்பாவின் பாதம் நசுங்கியபோது எனக்குப் பதினாறு வயது. அவருக்குப் பதிலாக ஐந்து வருஷம் சர்க்கரை மூட்டையும் அரிசி மூட்டையும் சுமந்தேன். உயரம் அதோடு நின்றுவிட்டது. தோள் மட்டும் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. பிறகு திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் லேத் கற்றுக்கொண்டு, அந்தத் தொழிலைக் காட்டி இங்கே வந்தேன். அந்தத் தோளும் கூடவே வந்தது. அதை எங்கே விட்டுவிட்டு வருவது?

வேடிக்கை என்னவென்றால், நான் வந்து சேர்ந்தது லங்காஷையரில் ஒரு நூல் ஆலை ஊர். உலகத்துக்கே துணி நெய்து அனுப்பிய ஊர். அந்த ஆலைகளுக்கு வேண்டிய உருளைகளை லேத்தில் கடைவதுதான் என் வேலை. ஊருக்கு நடுவே ஹை ஸ்ட்ரீட். எங்களுக்கும் திருவொற்றியூர் ஹைரோடு இருக்கிறது. லாரியும் மாட்டுவண்டியும் மீன்கூடையும் சைக்கிளும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போகும் ரோடு. இந்த ஹை ஸ்ட்ரீட்டில் சத்தமே கிடையாது. இரண்டு பக்கமும் கண்ணாடிக்குள் பொம்மைகள் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கும். எல்லாப் பொம்மையும் ஒரே உயரம், ஒரே இடுப்பு. நான்கு வருஷம் அந்தப் பொம்மைகளைப் பார்த்தும் பார்க்காததுபோல நடந்தேன். சட்டைக்கைக்கு ரப்பர் பட்டை, பேண்டுக்கு ஊக்கு என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் மனைவி பிலோமினாவின் கடிதம் வந்தது. அவளுக்கும் பாப்பாவுக்கும் விசா கிடைத்துவிட்டது, அக்டோபரில் விமானம். நான் கிளம்பும்போது மகள் ஜெசிந்தாவுக்கு இரண்டு வயது. இப்போது ஆறு. கடிதத்தின் அடியில் பிலோமினா எழுதியிருந்தாள்: "பாப்பா தெனம் ஜெபம் முட்சதும் ஒங்க போட்டோக்கு முத்தம் குடுத்துட்டுத்தான் தூங்குது. கோட்டு போட்ட அப்பாவத்தான் அதுக்குத் தெரியும். கோட்டு போட்டுக்கினு வாங்க."

அந்தப் போட்டோவின் கதையை எங்கே போய்ச் சொல்ல? வந்த முதல் குளிர்காலத்தில், அறைத்தோழன் குர்தியாலின் சாம்பல் நிறக் கோட்டை இரவல் வாங்கி எடுத்துக்கொண்ட படம். அவன் ஆறடிப் பஞ்சாபி. முதுகுப் பக்கம் துணி உலர்த்தும் கிளிப் ஆறு போட்டு இழுத்துப் பிடித்து, கையை நாற்காலிக்குப் பின்னால் மறைத்து, "திரும்பாதே, மூச்சு விடாதே" என்று ஸ்டூடியோக்காரர் எடுத்தார். அது ராயபுரம் வீட்டில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனதாம். குர்தியால் கோட்டோடு வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டான். அவன் இருந்தாலும் பயனில்லை. முதுகில் கிளிப் மாட்டிக்கொண்டு காமிரா முன்னால் நிற்கலாம். மகளைத் தூக்க முடியுமா? நான்கு வருஷம் கழித்து அவளைத் தூக்கும்போது என் உடம்பில் என் கோட்டு இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

சனிக்கிழமை ஹை ஸ்ட்ரீட்டிலேயே பெரிய கடைக்குள் போனேன். கழுத்தில் டேப் தொங்க ஒருவர் நின்றிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி கவலை தீர்ந்தது. டேப் போட்டவர் முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நேராக அவர் எதிரே போய், சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, சட்டையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, பனியனோடு இரண்டு கையையும் அகட்டி நின்றேன். கடையே நின்றுபோயிற்று. தொப்பி பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கீழே வைத்தார். டேப்காரர் வெளிறிப்போய், "உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, சார்?" என்றார். "அளவெடுங்கள்" என்றேன். அவர் என் சட்டையை எடுத்து எனக்கே போர்த்தி, திரைபோட்ட ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் எங்கள் தையல்காரர் கபூர் பாய் கடையில் அளவெடுப்பது அப்படித்தான். ரோட்டைப் பார்த்த கடை. சட்டையோடு அளந்தால் சட்டைக்குத்தான் சட்டை தைக்க முடியும் என்பார் பாய். பனியனோடு நிற்கவைத்து, ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதுவார். என் இடுப்பளவு எதிர்ச்சாரி டீக்கடைக்கெல்லாம் தெரியும். கல்யாணச் சட்டைக்கு நின்றபோது நான் நெஞ்சை நிமிர்த்தி வயிற்றை எக்கினேன். "மூச்ச வுடு நைனா" என்று முதுகில் தட்டினார். "தாலி கட்டச்சொல்ல மூச்சப் புட்சிக்கினு நிப்பியா நீ? இருக்குற ஒடம்புக்குத் தெக்கிறேன், இல்லாத ஒடம்புக்கு எங்கிட்ட வராதே." டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. அங்கே உடம்பு ஒழுங்காகத்தான் இருந்தது. துணிதான் அதற்கேற்றபடி வளைந்து கொடுக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் டேப்காரர் ஏழு கோட்டு கொண்டுவந்தார். தோள் ஏறினால் கை விரல்நுனியை மூடியது, கோட்டு முட்டியைத் தொட்டது. கை சரியாக இருந்தால் தோள் பாதியிலேயே நின்றது. கடைசியில் அவர் மிக மரியாதையாக, "மாடியில் பாய்ஸ் பிரிவைப் பார்த்தீர்களா, சார்?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. ஆனாலும் ஏறினேன். மகளுக்காக ஏறினேன். மாடியில் பள்ளிக்கூடக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஓர் அம்மாள் தன் மகனுக்குக் காலர் சரிசெய்துகொண்டிருந்தாள். அங்கிருந்த விற்பனைக்காரம்மா எனக்கு ஒரு நீலக் கோட்டை மாட்டிவிட்டாள். கை அளவு கச்சிதம். எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது. கண்ணாடியைப் பார்க்கத் தோளை நிமிர்த்தினேன். முதுகு நடுவே டர்ரென்று கிழிந்தது.

"நான் பையன் இல்லை. எனக்கு வயது முப்பத்தைந்து. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவள் என் கையைத் தொட்டு, "கவலைப்படாதே டியர், பாய்ஸில் வாங்கியது என்று வெளியே யாருக்கும் தெரியாது" என்றாள். அவளுக்கு நான் என்ன சொல்லிப் புரியவைப்பது? யாருக்கும் தெரியாமல் போடுவதற்கா நான் வந்தேன்? கிழிந்த கோட்டைக் கழற்றி, மடித்து, அவள் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. ஆனால் படியிறங்கும்போது ஒரு முடிவு செய்தேன். இனி இந்தத் தெருவில் கோட்டுக்காக நிற்க மாட்டேன். ஐந்து வருஷம் மூட்டை சுமந்து சம்பாதித்த தோள் இது. இதை ஒரு கோட்டுக்காகக் குறுக்கிக்கொள்ள முடியாது.

அன்றைக்கே பிலோமினாவுக்கு எழுதினேன். கபூர் பாயிடம் சொல், கருநீலத்தில் ஒரு கோட்டும் பேண்டும். அளவு பாயின் நோட்டில் இருக்கிறது. நம்ம சவரியின் கப்பல் லிவர்பூல் வருமே, அவனிடம் கொடுத்தனுப்பு. சவரி என் பால்ய சிநேகிதன். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்த காலம் அது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கப்பல் வந்து சேர்ந்தபோது செப்டம்பர் பாதி போய்விட்டது. லிவர்பூல் துறைமுகத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில், செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிய பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான்.

அங்கேயே மாட்டிக்கொண்டேன். தோள் உட்கார்ந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு துணி என் தோளில் எங்கேயும் இழுக்காமல், எங்கேயும் தொங்காமல் உட்கார்ந்தது. கையைத் தூக்கினேன், இறக்கினேன். பிறகு பொத்தானைப் போடப் போனேன். பொத்தான் காஜாவுக்கு இரண்டு விரல் முன்பே நின்றுவிட்டது.

சவரி டீயைக் கீழே வைத்தான். "இன்னா மாமு, தொப்ப வந்துக்கீது?"

"கோட்டு சின்னதாத் தெச்சிட்டாரு பாய்."

"அடப் போய்யா. கோட்டு கரீட்டாத்தான் கீது. நீதான் ஊதிக்கினே. உருளக்கெயங்கயே துன்னுகினு நின்ன எடத்துலயே நின்னுகினு வேல செஞ்சா வேற இன்னா ஆவும்?"

எனக்குச் சுள்ளென்றது. இந்த ஊர்க் கடை என் உடம்பைத் தெரியாது என்றது. அதற்காகச் சொந்த ஊரைப் பார்த்துத் திரும்பினால், அந்த ஊரும் என்னைப் பழைய ஆளாகத்தான் வைத்திருக்கிறது. தப்பு பாயுடையது இல்லை. நான்தான் அளவு நோட்டில் இருக்கிறது என்று மிதப்பாக எழுதியவன். ராயபுரத்தில் விட்டுவந்த உடம்பு இன்னும் அப்படியே இருக்கிறது என்று நான்கு வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மூஞ்சத் தொங்கப்போடாத. உள்பாக்கெட்ல கைவுட்டுப் பாரு" என்றான் சவரி. அதே கருநீலத்தில் தையல் நூல், ஒரு அட்டைத்துண்டில் சுற்றியிருந்தது. "பாய் சொல்லி அன்ப்சாரு. 'நாலு வருசமா அவன் இன்னா துன்றானோ, எளச்சானோ பெருத்தானோ, எனுக்கு இன்னா தெரியும்? ரெண்டு பக்கமும் ஒரு இஞ்சு ஒரு இஞ்சு உள்ள துணி வுட்டுக்கீறேன். பிரிச்சுப் போட்டுக்கச் சொல்லு'ன்னாரு. இந்த ஊர்க் கடைல அப்டி வுடுவானா?"

விடமாட்டான். கிழிந்த பள்ளிக்கூடக் கோட்டின் முதுகை நான் பார்த்தவன். தையலுக்குள் நூலிழை அளவுக்குத்தான் துணி இருந்தது. யாரும் வளரப்போவதில்லை, மாறப்போவதில்லை என்பதுபோல.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, சவரப் பிளேடால் பக்கத் தையலைப் பிரித்தேன். உள்ளே பாயின் சாக்குக்கட்டிக் குறி, என் பழைய இடுப்பளவு, அழியாமல் இருந்தது. முக்கால் அங்குலம் வெளியே விட்டு, அவர் நூலாலேயே என் கையால் தைத்தேன். கோணல்மாணலான தையல்தான். பொத்தான் ஏறிற்று. மூச்சை விட்டபடியே ஏறிற்று.

விமான நிலையத்தில் பிலோமினாவை முதலில் பார்த்தேன். அவள் முந்தானையைப் பிடித்தபடி ஜெசிந்தா. நான் முட்டி போட்டுக் கையை நீட்டினேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு அம்மாவிடம், "இது எங்கப்பா கோட்டு இல்ல" என்றாள்.

போட்டோவில் இருந்தது சாம்பல் நிறக் கோட்டு. இத்தனை பாடுபட்டும் அது எனக்குத் தோன்றவே இல்லை. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் அப்படியே இருந்தேன். பிலோமினாவுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. அப்புறம் கலகலவென்று சிரித்துவிட்டாள். குர்தியால் கதையை அவளுக்குக் கடிதத்தில் எப்போதோ எழுதியிருந்தேன். "அடியே, அது எவனோ பஞ்சாபிக்காரன் கோட்டு. இதாண்டி ஒங்கப்பா கோட்டு. நம்ம கபூர் பாய் தெச்சது. நான் தூக்கினு போயி சவரிகிட்ட குடுத்தனே, நீயும் கூட வந்தியே." ஜெசிந்தா கிட்டே வந்து காலரை முகர்ந்தாள். என்ன வாசனை கண்டாளோ, தெரியாது. கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அவளைத் தூக்கி, தலைக்குமேல் உயர்த்தி, இறக்கினேன். தோள் எங்கேயும் கிழியவில்லை.

ரயிலில் வரும் வழியெல்லாம் அவள் விரல் என் இடுப்போரம் எதையோ தடவிக்கொண்டே வந்தது. குனிந்து பார்த்தேன். பாயின் பழைய தையல் ஓடிய இடத்தில் ஊசித் துளைகள் ஒரு கோடாக நின்றன. பக்கத்தில் முக்கால் அங்குலம் தள்ளி என் கோணல் தையல். "இன்னாப்பா இது, ரெண்டு கோடு?" என்றாள். பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள்.

இன்றும் அதே கோட்டுதான். குளிர்காலத்தில் காற்று அந்தப் பழைய துளைகள் வழியாகத்தான் உள்ளே வரும், வரட்டும். ஹை ஸ்ட்ரீட்டில் பொம்மைகள் இப்போது வேறு கோட்டு மாட்டியிருக்கின்றன, இடுப்பு மட்டும் அதே இடுப்பு. என் இடுப்பு இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கிறது. கடைசிப் பொத்தானைப் போடுவதில்லை. உள்ளே இரண்டு பக்கமும் கால் அங்குலம் துணி மிச்சம் இருக்கிறது, பாயின் மடிப்புக் கலையாமல். பிரித்துவிடுங்களேன், மூச்சு முட்டுதே என்கிறாள் பிலோமினா. நான் பிரிப்பதாக இல்லை. கோட்டில் அந்தக் கால் அங்குலம் இந்த ஊரை இன்னும் பார்க்கவில்லை.