பனிக்குள் சரசுவைத் தேடிய அன்று

என் மனைவி சரசு இனி உயிரோடு கிடைக்க மாட்டாள் என்று நான் நம்பிய ஒரு மாலைப் பொழுதைப் பற்றி, மாரியம்மனை நம்பி வாழும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கோயில் மண்டபத்தில் எழுந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் லுணுகலைக்கு மேலே இருக்கிறது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, மெட்டுப் போட்டு, வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பாடிப் பதிவேன். கொழும்பில் வேலை செய்யும் மகள் அதை இணையத்தில் போடுவாள். முகம் காட்ட மாட்டேன். நிலா, கடற்கரை, காதல் என்றுதான் அப்போது பாடினேன். கடலை நான் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டுச் சுப்பையா அண்ணன், "பாட்டுக்காரரே, பொண்டாட்டிகிட்ட பேசவே வெக்கப்படுற ஆளு, போனப் பார்த்தா மட்டும் காதலா பொழியிறீங்களே" என்று கேலி செய்வார்.

தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரமாக ஐப்பசி மழை விடவில்லை. மண் சரியலாம், எல்லோரும் கோயில் மண்டபத்துக்கு வந்துவிடுங்கள் என்று அறிவித்தார்கள். மதியம் மழை சற்று வெறித்தபோதே சரசு விறகு பொறுக்க மேல்மலைக்குப் போயிருந்தாள். அது கொழுந்து எடுக்காமல் காடாகக் கைவிட்ட மலை. அறிவிப்பு வந்தபோது அவள் திரும்பவில்லை. போனையும் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

சுப்பையா அண்ணனும் இன்னும் சில ஆண்களும் என்னோடு வந்தார்கள். மலையில் ஏற ஏறப் பனி மூடியது. நீட்டிய கை தெரியவில்லை. ஒரு இடத்தில் பாதையின் குறுக்கே நிலம் வெடித்திருந்தது. அந்த வெடிப்புக்குள் மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி மேலே ஏறினோம்.

"சரசு! ஏ சரசு!" என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். நாங்கள் கூப்பிட்டது எதிரே இருந்த பள்ளத்தில் மோதி எங்களுக்கே திரும்பி வந்தது. வேறு சத்தமில்லை. நெடுநேரம் தேடினோம். சுப்பையா அண்ணன் மெதுவாக என் தோளைத் தொட்டார். "தம்பி, உசுரோட இருந்தா பதில் சொல்லியிருக்கும். மலை எறங்குது. நாமளும் போயிருவோம். காலையில வரலாம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "நீங்க எறங்குங்கண்ணே" என்றேன். அவர் போகவில்லை. "ஒத்தையில விட்டுட்டுப் போனா சரசு என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிரும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். மற்றவர்களும் நின்றார்கள்.

மலையின் ஓரத்தில், கொழுந்து எடுக்கும் பெண்கள் சூடம் ஏற்றிக் கும்பிடும் கல் ஒன்று இருக்கிறது. அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டேன். "தாயே, அவளைக் கொடு. எனக்கு வழி தெரியல. ஏதாவது செய்" என்று அழுதேன். அம்மன் பாட்டு ஒன்றைப் பாடிக் கும்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். சிறு வயதிலிருந்து பாடிய பாட்டுகள்தான். ஒரு வரிகூட வரவில்லை. பயத்தில் எல்லாம் அழிந்துபோயிருந்தன.

அப்போது வேறொன்று வந்தது. கல்யாணமான புதிதில் எங்கள் கூரைத் தகரம் ஒழுகும். கட்டிலை மூலைக்கு மூலை இழுத்துவிட்டு, நானும் சரசுவும் சிரித்துக்கொண்டே ஈரத்தில் உட்கார்ந்திருப்போம். அப்போது கட்டிய பாட்டு. எங்கள் கஷ்டத்தை ஊருக்குச் சொல்லக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அந்தப் பாட்டு எங்கள் அறையைத் தாண்டியதே இல்லை. நான் நினைத்துப் பாடவில்லை. வாய் தானாகவே பாடியது. பயத்தில் குரல் உச்சத்துக்குப் போய்விட்டது.

"தகரம் ஒழுகுது மூலையில
கட்டில எங்க நகத்துவோம்?
அடுப்பு மேல போட்டுப் படுத்தா
அப்பளமா ஆயிருவோம்!"

சுப்பையா அண்ணன் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து என் கையைப் பிடித்தார். நான் நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். மழை மட்டும் பெய்தது. மறுபடியும் பாடினேன். மறுபடியும் காது கொடுத்தேன்.

கீழே, நாங்கள் கடந்து வந்த இடத்திலிருந்து அழுகையோடு ஒரு குரல் வந்தது.

"அத வெளியில பாடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல!"

ஓடினோம். விழுந்து எழுந்து ஓடினோம். மழைத்தண்ணீர் ஓட வெட்டிய, புல் மூடிய பழைய கான் ஒன்றுக்குள், மார்பு வரைக்கும் சேற்றில், கால் முறிந்து கிடந்தாள். இரண்டு கையாலும் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"இவ்வளவு நேரம் கத்துனோமே, ஏன் புள்ள பதில் சொல்லல?" என்று சுப்பையா அண்ணன் கேட்டார்.

"ஆளே போகாத பள்ளத்துப் பக்கமிருந்து என் பேரு கேட்டுச்சுண்ணே. தெரிஞ்ச குரல்ல பேய் கூப்பிடும், பதில் சொன்னா கூட்டிட்டுப் போயிரும்னு வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். இந்தக் கூத்துப் பாட்டு எந்தப் பேய்க்குத் தெரியும்? அப்பதான் இவரு வந்துட்டாருன்னு நம்புனேன்."

நம் மலையில் பனிக்குள் பேர் சொல்லிக் கூப்பிடும் குரலுக்கு யாரும் சட்டென்று பதில் கொடுப்பதில்லை. இது உங்களுக்கே தெரியும். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனாலும் அவ்வளவு நேரமும் பேரைச் சொல்லியே கத்தினோம். அந்தப் பாட்டை என் வாயில் வைத்தது யார் என்று இனி நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தோம். கோயில் படியில் கால் வைத்தபோது மேலே பெரிய லொறி ஒன்று கல் கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தோம். அந்தக் கான் இல்லை. கான் இருந்த சரிவே இல்லை. சிவப்பு மண் மட்டும் கிடந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். இப்போது மெதுவாக நடக்கிறாள்.

அதன் பிறகு நிலாவையும் கடலையும் நான் பாடவில்லை. வெடித்த நிலத்தையும், மண்டபத்தில் நனைந்த துணியோடு தூங்கிய பிள்ளைகளையும், வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த ஒருத்தியையும் பாடுகிறேன். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்துகிறேன். "அப்பா, நடுவுல ஏன் சும்மா நிக்குது? ஆளுங்க தள்ளிவிட்டுப் போயிருவாங்க" என்று மகள் சொன்னாள். "போறவங்க போகட்டும்மா" என்றேன். அன்று பாடிவிட்டுக் காது கொடுத்து நின்ற நேரம் அது. அதை வெட்டியெறிய எனக்கு மனம் வரவில்லை. இப்போது முகத்தையும் காட்டுகிறேன். பேசத்தான் இன்னும் வரவில்லை.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மழை இரைந்தால் இன்றும் எழுந்து உட்கார்ந்து சரசுவின் மூச்சைக் கேட்கிறேன். ஆனால் பயம் தெளிந்த பிறகுதான் கும்பிட வேண்டும் என்று இப்போது நினைப்பதில்லை. நீங்களும் காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே கூப்பிடுங்கள். அழகான வார்த்தை வராவிட்டால் உங்கள் வீட்டுச் சங்கதியைச் சொல்லியே கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் காது கொடுத்து நில்லுங்கள்.