மண் சுவரில் நான் பூசிய சிமெண்ட்

ராசிங்காபுரத்து வீட்டை இடிக்க நாள் குறித்தாகிவிட்டது என்று தங்கராசு போன் செய்தபோது நான் போடியில் ஒரு சைட்டில் சென்ட்ரிங் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டது போட்டபடி கிளம்பினேன்.

அது அவருடைய கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. மண் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே ஓடு. இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்பது தங்கராசுவின் எண்ணம். அவருடைய அக்கா பேச்சியம்மாள் மலையில் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை செய்பவர். வேலையை விட்டதும் அந்த வீட்டில்தான் இருப்பேன் என்று சொல்லி, முந்தைய வருடம் ரிப்பேரை என்னிடம் கொடுத்திருந்தார். நான் பழைய பூச்சைக் கொத்திவிட்டு வெளிச்சுவர் முழுக்க சிமெண்ட் பூசினேன். பார்க்கப் புது வீடு மாதிரி இருந்தது.

ஒரே ஒரு மழைக்காலம்தான் போனது. உள்ளே ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறிவிட்டது. நான் போய்ச் சேர்ந்ததும் வெளியே ஓரிடத்தில் சிமெண்டைப் பெயர்த்தேன். பின்னாலிருந்த மண் ஈரமாகக் கையோடு வந்தது.

"பாத்தியாக்கா? இது தேறாத வீடுன்னு அப்பவே சொன்னேன்ல" என்றார் தங்கராசு.

பேச்சியம்மாள் காலை ஜீப்பில் போடிமெட்டு வழியாக இறங்கி வந்திருந்தார். "இத்தன வருசம் நின்னுச்சு. நான் கை வச்சதும் போச்சே" என்றார்.

புது வீட்டு வேலையும் எனக்குத்தான் என்று தங்கராசு போனிலேயே சொல்லியிருந்தார். நான் பேசாமல் இருந்தால் போதும். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி நிற்க முடியவில்லை.

"ஆத்தா, உங்க கை இல்ல, என் கை. சுண்ணாம்புன்னா ஈரத்த வெளிய விட்டுரும். நான் சிமெண்டப் பூசி அடைச்சுட்டேன். வீட்டு மேல தப்பில்ல."

தங்கராசுக்குக் கோபம் வந்துவிட்டது. "தொழில் படிக்க எங்க வீடுதான் கெடச்சுதா?"

"தப்புத்தான் அப்பு" என்றேன்.

பேச்சியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சுவரு நிக்குமாண்ணே?"

"காஞ்ச பெறகுதான் சொல்ல முடியும்."

"அப்ப இடிக்க வேணாம். சிமெண்ட உரிக்க வெரசா ஆரம்பிங்க."

சிமெண்ட் முழுவதையும் உரித்தோம். கோடை முடியும்வரை சுவரை அப்படியே காயவிட்டோம். ஒரு மூலை தேறவில்லை. அதை மட்டும் இடித்து மண்ணிலேயே திரும்பக் கட்டினோம். பிறகு சுண்ணாம்பு பூசினோம். பேச்சியம்மாள் இப்போது அங்கேதான் குடியிருக்கிறார். தங்கராசு அதன்பின் என்னை எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை.

பழைய வீட்டில் கை வைப்பவர்கள், ஈரம் எந்த வழியாக வெளியே போகிறது என்று முதலில் பாருங்கள். பார்க்காமல் தப்பு செய்துவிட்டால், வீட்டை இடிப்பதற்குள் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.